பேய் ஏன் எப்போதும் ஊட்டி பங்களாவிலேயே குடியிருக்கிறது?

நொய்யல்கரை (சோமனூர்):

வணக்கங்க. ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் விஷயம் இது. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதியிருக்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் அமெரிக்க இயக்குநர் டேவிட் லிஞ்சின் 'இரேசர்ஹெட்' படத்தை நான்காவது தடவையாகப் பார்த்தேன். முதல் தடவை பார்த்தது கல்லூரி விடுதியில், ஒரு பழைய கம்ப்யூட்டரில். ஆறு பேர் உட்கார்ந்தோம். அரை மணி நேரத்தில் ஐந்து பேர் எழுந்து சாப்பிடப் போய்விட்டார்கள். எனக்கு மட்டும் எழுந்திருக்க மனம் வரவில்லை. கதை பிடிபட்டதா என்றால் இல்லை. அந்தச் சத்தம்தான் என்னை விடவில்லை. படம் முழுக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு பெரிய இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும், எங்கிருந்தோ நீராவி சீறும். லிஞ்சும் ஒலிக்கலைஞர் ஆலன் ஸ்ப்ளெட்டும் சேர்ந்து உட்கார்ந்து உருவாக்கிய ஒலி அது.

நான் தறிப்பட்டறை வீட்டில் பிறந்தவன். எட்டுத் தறி. சுவருக்கு இந்தப் பக்கம் என் பாய், அந்தப் பக்கம் தறி. ராத்திரி ஷிப்டில் நாடா இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அடிக்கிற சத்தத்தில்தான் தூங்கிப் பழக்கம். கரண்ட் போனால்தான் விழிப்பு வரும். எட்டுத் தறியும் ஒரே நொடியில் நிற்கும். அப்போது வருகிற அமைதி இருக்கிறதே, இன்றைக்கும் நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது. ஓட்டுக்கு அடியில் பல்லி நகர்வது கேட்கும். ஒரு சொட்டு எண்ணெய் தரையில் விழுவது கேட்கும். அப்பா டார்ச்சை எடுத்துக்கொண்டு, பாவு நூல் எங்கேயாவது அறுந்திருக்கிறதா என்று பார்க்கப் போவார். அந்த வெளிச்சம் நூல்களுக்கு நடுவே நகர நகர, சுவர் முழுக்கக் கோடுகோடாக நிழல் ஓடும். அந்த நிழலைத்தான் கல்லூரி விடுதியில் மறுபடி பார்த்தேன்.

லிஞ்ச் 1972இல் அந்தப் படத்தைத் தொடங்கி, கைக்குக் காசு வந்தபோதெல்லாம் எடுத்து, 1977இல்தான் வெளியே கொண்டுவந்தார். இளைஞராக இருந்தபோது பிலடெல்பியாவில் தொழிற்சாலைகளுக்கு நடுவே குடியிருந்தார். அந்த ஊர் கொடுத்த பயத்தைத்தான் படமாக்கினார். பெரிய விளம்பரம் எதுவும் கிடையாது, நள்ளிரவுக் காட்சியாக ஓடி ஓடியே பிழைத்தது. பார்த்தவன் இன்னொருவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டியே உயிரோடு வைத்திருக்கிற படம். 'கல்ட்' என்றால் எனக்கு அதுதான் அர்த்தம்.

இப்போது என் ஆதங்கத்துக்கு வருகிறேன். எனக்குப் பிடித்த திகில் படங்கள் எல்லாமே எடுத்தவரின் சொந்த மண்ணிலிருந்து வந்தவை. 'டெக்சாஸ் செயின்சா மாஸக்கர்' (1974) படத்தில் ரத்தம் காட்டுவது ரொம்பக் குறைவு, வியர்வைதான் அதிகம். டோபி ஹூப்பர் தன் ஊர்க் கோடையிலேயே அதை எடுத்தார். சாப்பாட்டு மேசைக் காட்சிக்காக ஜன்னலை அடைத்து, ஒரு நாளுக்கும் மேலாக நிறுத்தாமல் படம்பிடித்ததில் மேசையில் இருந்த இறைச்சி விளக்குச் சூட்டில் நாறிப்போனது. நடிகர்களின் முகத்தில் தெரிகிற குமட்டல் நடிப்பில்லை.

நமக்கோ பேய் என்றாலே கார் மேட்டுப்பாளையம் தாண்டி மலையேற வேண்டும். மூடுபனி, வெள்ளைக்காரன் கட்டிய பங்களா, பியானோ, தோட்டக்காரத் தாத்தா. கீழே இத்தனை பெரிய சமவெளி கிடக்கிறது. அறுபது எழுபது அடிக் கிணறுகள், சித்திரை வெயிலில் வெடித்துக் கிடக்கிற மேட்டாங்காடு, நின்றுபோன பஞ்சாலைகள், ராத்திரியெல்லாம் இரைகிற தறிகள். இதில் ஒன்றுகூடவா பயமுறுத்தாது?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கலைப்படம் வேறு, திகில் படம் வேறு என்று பிரித்துப் பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. டென்மார்க்கின் டிரேயர் 1928இல் ஜோன் ஆஃப் ஆர்க்கைப் பற்றி எடுத்தார், அடுத்த படமே 'வாம்பயர்' (1932) என்ற ரத்தக்காட்டேரிப் படம். ஸ்வீடனின் பெர்க்மன் 'பெர்சோனா' எடுத்த இரண்டே ஆண்டில் 'ஹவர் ஆஃப் தி வுல்ஃப்' என்ற திகில் படம் எடுத்தார். ஜப்பானின் கனெடோ ஷிண்டோ, ஒரு வறண்ட தீவுக்குக் குடம் குடமாகத் தண்ணீர் சுமக்கும் குடும்பத்தை ஏறக்குறையப் பேச்சே இல்லாமல் 'நேக்கட் ஐலண்ட்' (1960) என்று எடுத்தவர். மாடு கட்டிக் கவலை ஓட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைத்த தாத்தாக்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்தப் படத்தை விளக்கவே வேண்டாம். அதே ஷிண்டோதான் 1964இல் 'ஒனிபாபா' என்ற பேய்ப்படம் எடுத்தார். அதே கண், அதே பொறுமை.

நம்ம பக்கத்து மண்ணிலிருந்து ஒரு பேய்ப்படம் எடுத்தால் அது எங்கே தொடங்க வேண்டும்? சொல்லுங்கள்.


பவானிக்காரன்:

நொய்யல்கரை அண்ணா, வணக்கங்க. தறி நிற்கிற இடத்தைப் படித்தபோது எனக்கும் உடம்பு சிலிர்த்தது. ஆனால் முழுசாக ஒத்துக்கொள்ள முடியவில்லை.

ரஷ்ய இயக்குநர் தார்க்கோவ்ஸ்கியின் 'ஸ்டாக்கர்' பார்த்தேன். இரண்டரை மணி நேரத்துக்கும் மேலே. தண்டவாளத்தில் வண்டி போகிற காட்சியில் எனக்குத் தூக்கம் வந்துவிட்டது, மறுபடி உட்கார்ந்து பார்க்கத் தோன்றவே இல்லை. பேய்ப்படம் கூட்டத்தோடு பார்ப்பதற்கு என்று நம்புகிறவன் நான். 2011இல் 'காஞ்சனா' வந்தபோது எங்கள் ஊர்த் தியேட்டரில் எனக்கு முன்வரிசையில் ஒரு குடும்பம். பாட்டி, இரண்டு மருமகள்கள், நான்கு குழந்தைகள். பயம் வரும்போது அந்தப் பாட்டி சேலைத் தலைப்பை முகத்துக்கு இழுத்துக்கொண்டு அந்த இழை வழியாகவே பார்த்தார். அடுத்த நிமிடம் பேரனின் தோளில் அடித்துச் சிரித்தார். அதைவிட ஒரு பேய்ப்படம் என்ன செய்துவிட முடியும்?

சிரிப்பும் பயமும் சேர்ந்தால் தரம் குறைவு என்று பலரும் நினைக்கிறார்கள். நம் தெருக்கூத்தில் சிரிக்க வைக்கும் கட்டியக்காரன் வராத ராத்திரி உண்டா? சாம் ரெய்மியின் 'ஈவில் டெட் 2' (1987) பாதி சிரிப்புதான். ஜப்பானின் ஒபயாஷி 1977இல் எடுத்த 'ஹவுசு' படத்தில் பியானோ ஒரு பெண்ணைத் தின்கிறது. தன் சின்ன மகள் சொன்ன பயங்களையெல்லாம் சேர்த்து எடுத்த படம் என்று அவரே சொல்லியிருக்கிறார். அதை இன்றைக்கு உலகமே கல்ட் என்று கொண்டாடுகிறது. நாம் செய்தால் மட்டும் மட்டம் என்பது சரியில்லைங்க.

உங்கள் கேள்விக்குப் பதில்: கிணறு. கிணற்றிலிருந்து ஏறி டிவி வழியாகப் பேய் வெளியே வருகிற 'ரிங்கு' (1998) படத்தைப் பார்த்துவிட்டு ஊரெல்லாம் டிவியைக் கண்டு பயந்தது, நான் கிணற்றைக் கண்டு பயந்தேன். எங்கள் தோட்டத்துக் கிணற்றுக்கு இன்றைக்கும் கைப்பிடிச் சுவர் கிடையாது. 'எட்டிப் பார்க்காதே கண்ணு, கூப்பிடும்' என்று அமுச்சி சொல்லித்தான் வளர்ந்தேன். எது கூப்பிடும் என்று ஒரு நாளும் சொன்னதில்லை.


சேலத்துப் பெரியவர்:

தம்பிகளா, எனக்கு 74 வயது. இந்த ஜப்பான் படங்களில் ஒன்றிரண்டைத்தான் பேரன் போட்டுக்காட்டிப் பார்த்திருக்கிறேன். ஆனால் நம் பக்கத்துக்கும் பேய்ப்படத்துக்கும் தொடர்பே இல்லாத மாதிரி நீங்கள் பேசுவதால் எழுதுகிறேன்.

தமிழில் முதன்முதலாக 'ஏ' சான்றிதழ் வாங்கிய படம் எது தெரியுமா? 'மர்மயோகி', 1951. ஜூபிடர் பிக்சர்ஸ் தயாரிப்பு, கே. ராம்நாத் இயக்கம். எம்.ஜி.ஆர். 'நான் குறி வைத்தால் தவறமாட்டேன்' என்று பேசுவாரே, அதேதான். எதற்கு 'ஏ' கொடுத்தார்கள்? பேய்க்காக. செருகளத்தூர் சாமா பேயாக வந்து ராணியை நடுங்க வைப்பார். இத்தனைக்கும் அது பேயே இல்லை, செத்துவிட்டதாக நினைத்த ராஜாதான். அந்தப் படத்தை எடுத்தது எங்கே? கோயமுத்தூர் சென்ட்ரல் ஸ்டூடியோவில். ஆக, வயது வந்தவர்கள் மட்டும் பார்க்கலாம் என்று சர்க்கார் சொன்ன முதல் தமிழ்ப் பேய் கோயமுத்தூரில் பிறந்தது. ஊட்டியில் இல்லை.

நான் அதை டூரிங் டாக்கீஸில் பார்த்தபோது படம் வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும். மாமாவின் கூட்டாளி டிக்கெட் கிழிப்பவர், அதனால் உள்ளே விட்டார். மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்தோம். பேய் வந்ததும் மேட்டை விட்டு இறங்கி மாமாவின் மடியில் ஏறிக்கொண்டது ஞாபகம் இருக்கிறது. திரைக்குப் பின்னால் காடு, அதில் நரி ஊளையிட்டது. படத்தில் வந்ததா காட்டில் வந்ததா என்று அன்றைக்குத் தெரியவில்லை.

சேலத்துக்கும் ஒன்று உண்டு. மாடர்ன் தியேட்டர்ஸ் 1952இல் ஓர் அமெரிக்கக் கம்பெனியோடு சேர்ந்து 'தி ஜங்கிள்' என்று எடுத்தது. நம்ம யானைகளின் மேல் ரோமத்தைப் போர்த்தி, ஆதிகாலத்து மாமூத் ஆக்கியிருந்தார்கள். அமெரிக்காவில் பழைய மலிவுவிலைப் பேய்ப்படங்களைத் தேடித் தேடிப் பார்க்கிற கூட்டம் ஒன்று உண்டாம், அவர்களுக்கு இந்தப் படத்தைத் தெரியும் என்று பேரன் சொன்னான். ஏற்காடு ரோட்டில் அந்த ஸ்டூடியோவின் வளைவு மட்டும் நிற்கிறது. தாண்டிப் போகும்போதெல்லாம் ரோமம் போர்த்திய யானைதான் நினைவுக்கு வருகிறது.


நொய்யல்கரை:

ஐயா, இதை இத்தனை நாள் தெரியாமல் இருந்துவிட்டேனே. எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் நடந்த விஷயம். 1905இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜக்டர் வாங்கி ஊர் ஊராகப் படம் காட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட், 1914இல் வெரைட்டி ஹால் கட்டியதும் கோயமுத்தூரில்தான் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். மர்மயோகி என் கண்ணிலேயே படவில்லை. இந்த வாரமே பார்க்கிறேன்.

பவானித் தம்பி, 'ஹவுசு' பற்றி நீங்கள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். சிரிப்பு வந்தாலே படம் கெட்டது என்று நான் எழுதவில்லை, ஆனால் மனதில் அப்படித்தான் வைத்திருந்தேன். கூத்தை நினைத்துப் பார்க்கவே இல்லை. ஆனால் ஒன்று: கட்டியக்காரன் சிரிக்க வைத்துவிட்டுப் போனபிறகு துரௌபதை வந்தால் ஊரே வாயடைத்து உட்காரும். நம் பேய்ப்படங்களில் சிரிப்பு போனபிறகு அந்த அமைதி வருகிறதா? பின்னணி இசை ஒரு நொடிகூட ஓய்வதில்லையே. கரண்ட் போகவே மாட்டேன் என்கிறது.


ஆழியாறு (பொள்ளாச்சி):

நல்ல பேச்சு நடக்கிறது. நானும் உள்ளே வருகிறேன். நீங்கள் மூன்று பேரும் இடத்தைப் பற்றியும் சத்தத்தைப் பற்றியும் பேசுகிறீர்கள். பேய் யார் என்று யாருமே கேட்கவில்லை.

பேய் பெண். பெரும்பாலும் கொல்லப்பட்ட பெண். நம் படங்களில் முதல் பாதியில் அவள் பயமுறுத்துவாள், இடைவேளைக்குப் பிறகு அவளுக்கு என்ன கொடுமை நடந்தது என்று பத்து நிமிடம் காட்டுவார்கள், கடைசியில் ஒரு மந்திரவாதி வந்து அவளை விரட்டுவான் அல்லது பாட்டிலில் அடைப்பான். எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள்.

ஆனால் நம் ஊரில் நடந்தது அது இல்லை. ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்குப் போயிருப்பீர்கள். நிற்கிற அம்மன் இல்லை, உட்கார்ந்த அம்மன் இல்லை. வானத்தைப் பார்த்து மல்லாந்து படுத்துக் கிடக்கிற அம்மன், பதினைந்து அடிக்கு மேல். முதல் தடவை கூட்டத்தில் நகர்ந்து நகர்ந்து போய் அந்தப் பாதத்தைப் பார்த்தபோது எனக்கு ஏழு வயது. பாதத்திலிருந்து முகம் வரை நடக்க வேண்டியிருந்தது. முகத்துக்குப் போவதற்குள் அழுதுவிட்டேன்.

அவள் கதையைப் பல மாதிரி சொல்வார்கள். அதில் ஒன்று நன்னன் கதை. குறுந்தொகையில் பரணர் பாடியிருக்கிறார், 292ஆம் பாட்டு. குளிக்கப் போன பெண் ஆற்றில் மிதந்து வந்த ஒரு காயை எடுத்துத் தின்றாள். அது நன்னன் என்ற அரசனின் காவல் மரத்து மாங்காய். அந்தக் குற்றத்துக்கு ஈடாக எண்பத்தொரு யானையும் அவள் எடைக்கு எடை பொன்னால் செய்த பாவையும் தருகிறோம் என்றார்கள், அவன் வாங்கவில்லை. அவளைக் கொன்றான். 'பெண்கொலை புரிந்த நன்னன்' என்றே அவனுக்குப் பெயர் நின்றுவிட்டது. அந்தப் பெண்தான் மாசாணியாகப் படுத்திருக்கிறாள் என்று எங்கள் பக்கம் சொல்கிறார்கள். இன்றைக்கும் அநியாயம் நடந்தவர்கள் அங்கே போய் மிளகாயை அரைத்து அம்மனுக்கு அப்புகிறார்கள். எரிச்சல் தாங்காமல் அவள் நியாயம் கேட்பாள் என்று நம்பிக்கை. கோயிலுக்குள் நுழையும்போதே தொண்டை கமறும். அந்தக் கமறல்தான் என் பேய்ப்படத்தின் முதல் காட்சி.

கொல்லப்பட்டவளை ஊர் கும்பிடுகிறது, சினிமா விரட்டுகிறது. எனக்கு வருத்தம் அங்கேதான்.

ஷிண்டோவைப் பற்றிச் சொன்னீர்களே, அவர் 1968இல் எடுத்த 'குரோனெக்கோ' பாருங்கள். சாமுராய் என்கிற போர்வீரர் கூட்டம் ஒன்று மாமியாரையும் மருமகளையும் சீரழித்து, வீட்டோடு எரித்துவிட்டுப் போகிறது. இருவரும் பூனை ஆவிகளாக வந்து ஒவ்வொரு சாமுராயாகத் தீர்க்கிறார்கள். போருக்குப் போன மகன் தானே சாமுராய் ஆகித் திரும்பி வருகிறான், அந்த ஆவிகளைக் கொல்லும் வேலை அவனுக்கே வருகிறது. அந்தப் படத்தில் எந்த நிமிடத்திலும் நீங்கள் சாமுராய் பக்கம் நிற்க முடியாது.

மணி கவுலின் 'துவிதா' (1973) இன்னும் ஒருபடி மேல். விஜய்தான் தேத்தா எழுதிய கதை. ஆலமரத்துப் பேய் ஒன்று கல்யாணப் பெண்ணின் மேல் ஆசைப்பட்டு, வியாபாரத்துக்கு வெளியூர் போன கணவனின் உருவத்தில் வீட்டுக்கு வருகிறது. வந்து அவளிடம் மட்டும் உண்மையைச் சொல்கிறது, நான் உன் புருஷன் இல்லை, பேய். கட்டியவன் அவளிடம் எதையும் கேட்கவில்லை, பேய் கேட்டது. பயமுறுத்தும் காட்சி ஒன்றுகூட இல்லை. ஆனால் கடைசியில் ஓர் இடையன் அந்தப் பேயைத் தோல் பைக்குள் ஏமாற்றி அடைக்கும்போது எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. அவளிடம் அப்போதும் யாரும் கேட்கவில்லை.


பவானிக்காரன்:

அக்கா, நீங்கள் எழுதியதை வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். என் மனைவி 'துவிதா' எங்கே கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

ஒரு சந்தேகம். மாசாணியைப் படமாக்கினால் அது பேய்ப்படமா, சாமிப்படமா? நம் ஜனங்களுக்கு இரண்டும் வேறு. சாமிப்படம் என்றால் தியேட்டரிலேயே சாமியாடுவார்கள், பேய்ப்படம் என்றால் விசில் அடிப்பார்கள். நடுவில் ஒன்றை எடுத்தால் யார் பார்ப்பார்கள்?


ஆழியாறு:

முனியப்பனைக் கும்பிடும்போது பயப்படாமலா கும்பிடுகிறோம்? ராத்திரி அந்தச் சிலைக்கு முன்னால் டூவீலரில் போகும்போது கை தானாக ஹாரனை அடிக்கிறது. நம் ஊரில் இரண்டும் வேறாக இருந்ததே இல்லை தம்பி. சினிமாவில்தான் பிரித்தார்கள்.


நொய்யல்கரை:

அக்கா சொன்னதைப் படித்த பிறகு 'ஒனிபாபா'வை நேற்று ராத்திரி மறுபடி போட்டேன். தூக்கம் வரவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன்.

அந்தப் படத்தில் கதாநாயகி யார் என்றால் நாணல்தான். ஆளை மறைக்கும் உயரத்துக்கு வளர்ந்த சுசுக்கிப் புல். ஷிண்டோ தன் குழுவோடு அந்தப் புல்வெளிக்கு நடுவிலேயே கொட்டகை போட்டுத் தங்கி எடுத்தார். போர்க்காலம். மகன் போருக்குப் போய்விட்டான். மாமியாரும் மருமகளும் வழிதவறி வருகிற சாமுராய்களைக் கொன்று, கவசத்தைக் கழற்றி விற்று, தானியம் வாங்கிப் பிழைக்கிறார்கள். உடல்களை ஒரு குழிக்குள் தள்ளுகிறார்கள். காற்று அடிக்கும்போது புல் முழுக்க ஒரே பக்கம் சாயும், அப்புறம் மறுபக்கம் சாயும். யாரும் வரவில்லை. யாரோ வருகிற மாதிரி இருக்கிறது. அவ்வளவுதான் படம்.

இதை நான் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடம் படிக்கும்போது பெரியப்பாவின் தோட்டத்தில் சோளத்தட்டு ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும். கிளி விரட்ட என்னைப் பரணில் ஏற்றிவிட்டுப் போய்விடுவார்கள். மேலிருந்து பார்த்தால் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும், ஒரே அலையாகப் போகும். ஒரு நாள் பொழுதோட, காற்றே இல்லாத நேரம், காட்டுக்கு நடுவில் ஒரு கோடு மட்டும் ஆடிக்கொண்டே பரணை நோக்கி வந்தது. ஒரு கோடு. தட்டு ஒவ்வொன்றாக விலகி மூடுகிறது. நான் கத்தவில்லை, வாய் திறக்கவில்லை. பக்கத்தில் வந்து நின்றது. கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் வந்த வழியே திரும்பிப் போனது. பன்றியாக இருக்கும், நாயாக இருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். இருக்கலாம். நான் முகத்தைப் பார்க்கவில்லை, அதனால்தான் முப்பது வருடமாக மறக்கவில்லை.

மெதுவான படம் தூக்கம் வரவழைக்கிறது என்று பவானித் தம்பி சொன்னதற்கு இதுதான் என் பதில். மெதுவாக எடுத்தால் மட்டும் போதாது, அந்தக் கோடு எங்கேயாவது ஆடிக்கொண்டிருக்க வேண்டும். அது இல்லாமல் வெறும் புல்லை ஐந்து நிமிடம் காட்டும் படங்களும் உண்டு, திரைப்பட விழாக்களில் நானும் நெளிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஜார்ஜ் ரொமேரோ 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' (1968) எடுக்கும்போது கையில் பெரிய பணம் கிடையாது. ஊருக்கு வெளியே ஒரு பழைய வீடு, சுற்றிலும் புல்தரை, தூரத்தில் ஒரு ஆள் தள்ளாடிக்கொண்டு வருகிறான். அந்த ஆள் வருகிற வேகம்தான் எல்லாம். தலைப்பை மாற்றும்போது காப்புரிமைக் குறிப்பு விட்டுப்போனதால் அந்தப் படம் பொதுச்சொத்தாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், காட்டலாம்.

சோளக்காடு இப்போது குறைந்துவிட்டது. பெரியப்பா தோட்டம் மனையாகி, கல் நட்டாகிவிட்டது.


வெள்ளகோவில்:

இத்தனை நாளும் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இப்போது எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் அப்புச்சி, அம்மாவின் அப்பா, உடுக்கடிப் பாட்டுக்காரர். அண்ணமார் சாமி கதை பாடுவார். இப்போது மாமா பாடுகிறார். பல ராத்திரி தொடர்ந்து நடக்கும். அண்ணன் தம்பி பொன்னரும் சங்கரும் களத்தில் விழுகிற இடம் வரும்போது, கேட்டுக்கொண்டிருக்கிறவர்களில் சிலர் அருள் வந்து கட்டை மாதிரி சாய்ந்துவிடுவார்கள். படுகளம் என்பது அதுதான். துணியைப் போர்த்தி வரிசையாகக் கிடத்துவார்கள். மூச்சு இருக்கிறதா என்று சின்ன வயதில் குனிந்து பார்த்திருக்கிறேன். அவர்கள் தங்கை தங்காள் அழுது, தண்ணீர் தெளித்து எழுப்புகிற பாட்டு வருகிற வரைக்கும் அப்படியே கிடப்பார்கள். அதுவரை உடுக்கை நிற்காது. அப்புச்சிக்கு விரல் வெடித்து ரத்தம் வந்த ராத்திரி எனக்குத் தெரியும்.

ஜப்பான் இயக்குநர் கோபயாஷியின் 'க்வைதான்' (1964) பார்த்திருக்கிறீர்களா? மூன்று மணி நேரம், நான்கு கதைகள். வானத்தைக்கூட வரைந்து வைத்து எடுத்த படம். டோரு டாக்கெமிட்சு இசை. முதல் கதையில் மரம் பிளக்கிற ஓசையை வைத்தே நடுங்க வைத்திருப்பார், மற்ற நேரம் ஒரே அமைதி. நொய்யல்கரை அண்ணனின் கரண்ட் போன ராத்திரி மாதிரி. கான் விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு வாங்கியது.

மூன்றாவது கதை காதில்லாத ஹோய்ச்சி. கண் தெரியாத பாடகன். பிவா என்ற நரம்பு வாத்தியத்தை வாசித்துக்கொண்டு, தான்னோஉரா கடற்போரில் அழிந்த ஹெய்க்கே குலத்தின் கதையைப் பாடுவான். ஒரு ராத்திரி யாரோ ஒரு போர்வீரன் வந்து, எங்கள் எஜமானர் உன் பாட்டைக் கேட்க வேண்டும் என்று அழைத்துப் போகிறான். தினமும் போகிறான். அவன் பாடிக்கொண்டிருப்பது சுடுகாட்டில், செத்துப்போன ஹெய்க்கேகளுக்கு முன்னால், அவர்களுடைய சாவைப் பற்றியே.

அதைப் பார்த்தபோது நான் அழுதேன். மாமா படுகளம் பாடுவது யாருக்கு என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. கூடியிருக்கிற ஜனத்துக்கு என்றுதான் நினைத்திருந்தேன்.


நொய்யல்கரை:

தம்பி, இதை உங்கள் மாமாவுக்குக் காட்ட வேண்டும். நாம் எல்லோருமே சேர்ந்து பார்க்கலாம். மங்கலம் பக்கம் என் மச்சான் தோட்டத்தில் சாளை வீட்டுக்கு முன்னால் களம் இருக்கிறது. புரொஜக்டர் நண்பரிடம் வாங்கிக்கொள்ளலாம். திரைக்கு எங்கள் தறியில் ஓடிய காடாத்துணி. 'ஒனிபாபா' வேண்டாம், பெரியவர்களோடு உட்கார்ந்து பார்க்கச் சங்கடமான காட்சிகள் இருக்கின்றன. ஹோய்ச்சி கதையை மட்டும் போடலாம். ஐயாவும் வர முடிந்தால் வாருங்கள், பஸ் ஸ்டாண்டுக்கு வண்டி அனுப்புகிறேன்.


பவானிக்காரன்:

கூட்டத்தோடு என்றால் நான் முதல் ஆளாக வருகிறேன். சப்டைட்டில் தமிழில் இருக்கிறதா?


வெள்ளகோவில்:

இல்லைங்க. நான் பக்கத்தில் உட்கார்ந்து மாமாவுக்குச் சொல்லிக்கொண்டே வருகிறேன். பேச்சு குறைவுதான்.


நொய்யல்கரை:

நேற்று ராத்திரி படம் போட்டோம். வர முடியாதவர்களுக்காக எழுதுகிறேன்.

பத்தொன்பது பேர். காடாத்துணியின் அகலம் போதாமல் இரண்டு பட்டையை இணைத்துத் தைத்திருந்தேன், தையல் நட்டநடுவில் வந்துவிட்டது. ஹோய்ச்சியின் முகம் வரும்போதெல்லாம் நெற்றியிலிருந்து தாடை வரை ஒரு கோடு. ஆவியின் கண்ணில் படாமலிருக்க உடம்பெல்லாம் மந்திரம் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் காட்சியில் அந்தக் கோடும் ஓர் எழுத்து மாதிரிச் சேர்ந்துகொண்டது. சேலத்து ஐயா கடைசி வரை அசையவில்லை. பவானித் தம்பி தூங்கவில்லை, நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மந்திரம் எழுத மறந்த காதை ஆவி பிய்க்கிற இடத்தில் மச்சானின் மகள் தன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

எல்லோரும் மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தோம். கோயில் வேலைக்காரர்கள் மழையில் சுடுகாட்டுக்கு வந்து, பாடிக்கொண்டிருக்கும் ஹோய்ச்சியைத் தூக்கிக்கொண்டு போவார்களே, அங்கே மாமா தலையை ஆட்டினார். படம் முடிந்து டீ குடிக்கும்போது நானே கேட்டேன். அவருக்குக் காது போனதைப் பற்றி ஒன்றுமே சொல்லத் தோன்றவில்லை.

"பாட்டுப் பாதில இருக்கறப்ப தூக்கிட்டுப் போனது தப்புங்க. விழுந்து கெடக்கறவங்கள அப்பறம் யாரு எழுப்பறது?" என்றார்.


ஆழியாறு:

என்னால் வர முடியவில்லை என்று ரொம்ப வருத்தம். அடுத்தது 'குரோனெக்கோ' போடுங்கள், எங்கள் பக்கத்திலிருந்து நான்கைந்து பெண்கள் வருகிறோம். திரும்பிப் போக நேரமாகும், ராத்திரி தங்குவதற்குச் சாளையில் இடம் இருக்குமா என்று மட்டும் சொல்லுங்கள்.


நொய்யல்கரை:

இடம் இருக்குங்க அக்கா, மச்சான் வீட்டம்மா பார்த்துக்கொள்வார். இந்தத் தடவை துணியை மூன்று பட்டையாக இணைக்கிறேன், தையல் நடுவில் வராது.